இருபத்தைந்து வயதுக்கு மேல் திருகோணமலையில் யார் சைக்கிள் ஓடுகிறார்கள்?

2024 யூன் 8 (கேள்வி)

கொழும்பில் சில வருடம் இருந்துவிட்டு ஊருக்கே மாற்றலாகி வந்திருக்கிறேன். வயது 29. கியர் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன், கூட ஓடத்தான் ஒருத்தரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாக ஓடிய பெடியள் எல்லாரிடமும் இப்போது மோட்டார் சைக்கிள். "இந்த வெயிலுக்குள்ள உனக்கு என்ன விசரா?" என்று கேட்கிறார்கள். என் கருத்து இதுதான்: திருகோணமலை வெயிலுக்குச் சைக்கிள் சரிவராது, அதனால்தான் இருபத்தைந்துக்கு மேல் யாரும் ஓடுவதில்லை. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

யூன் 8, இரவு (பதில்)

நான் இல்லை என்கிறேன். ஏ.எல் படிக்கிற காலத்தில் மதியம் இரண்டு மணி வகுப்புக்கு நீரும் மத்திய வீதியால் சைக்கிளில்தானே போயிருப்பீர் தம்பி? அப்போது எரிக்காத வெயிலா இப்போது எரிக்கிறது? அப்போது பக்கத்தில் நாலு பேர் வந்தார்கள், இப்போது வருவதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்து நாலு, பெண், அரச அலுவலகத்தில் வேலை, உவர்மலையில் வீடு. சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். அதற்கு ஊர் என்ன கேட்கும் என்பது உமக்கே விளங்கும். மிச்சம் நாளைக்கு, சோறு அடுப்பில்.

யூன் 9

முதலில் அந்த "யாரும்" என்பதைப் பார்ப்போம். விடிய ஐந்தரைக்குத் திருக்கடலூர்ப் பக்கம் போய் நில்லும். பழைய ரியூபை நீளமாக வெட்டி எடுத்த றப்பர் வாரால் மீன் பெட்டியைக் கரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். பெட்டியின் மூலையால் ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின் மட்கார்ட் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். அதில் உப்புவெளி வரைக்கும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவார்கள். ஏழு மணிக்கு அநுராதபுரச் சந்தியில் நின்றால் மேசன் வேலைக்குப் போகிறவர்களைக் காணலாம். ஹாண்டிலில் சாப்பாட்டுப் பை, பாரோடு சேர்த்துக் கட்டிய மட்டக்கோல். நாற்பது, ஐம்பது, அறுபது வயது ஆட்கள்.

இவர்கள் உம்முடைய கண்ணில் படவில்லை. உம்முடைய செட்டில் யாரும் ஓடுவதில்லை, அதை ஊரில் யாரும் ஓடுவதில்லை என்று எழுதிவிட்டீர். கோபிக்க வேண்டாம், எங்கள் அலுவலகத்திலும் இதே கதைதான். "இப்ப ஆர் சைக்கிள் ஓடுறது?" என்று கேட்ட அதே மனிசன், வாசலில் சைக்கிளை நிறுத்திய மீன்காரரிடம்தான் பாரை மீன் வாங்கினார்.

யூன் 9, பின்னேரம்

"அந்த மீன்காரரும் காசு இருந்தால் மோட்டார் சைக்கிள்தான் வாங்குவார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாங்குவார்தான், அதில் சண்டை இல்லை. அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு மணல் ஒழுங்கையில் உழக்குவது சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. வெயில்தான் காரணம் என்றால் முதலில் அவர் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

யூன் 15

ஒரு செட் எப்படிச் சைக்கிளைக் கைவிடுகிறது என்பதை என் தம்பியின் கூட்டாளிகளிடம் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். எல்லாரும் உவர்மலைப் பெடியள். பின்னேரம் மக்கெய்சர் மைதானம், பிறகு டச் பே கடற்கரை, இருட்டினால் வீடு. ஏ.எல் முடிந்ததும் கட்டாரில் இருந்த தகப்பன் ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தார்.

முதல் கொஞ்ச நாள் அவன் இவர்களோடு சேர்ந்து மெதுவாகவே வந்தான். பிறகு இடது காலை நீட்டிப் பக்கத்துச் சைக்கிளின் கரியருக்குக் கீழே வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். பார்த்திருப்பீர்களே, சைக்கிளில் இருப்பவன் உழக்காமல் ஹாண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பான், இரண்டு பேரும் கதைத்துக்கொண்டே போவார்கள். ஆனால் ஒருவனைத்தானே தள்ளலாம்? மற்றவர்கள் பின்தங்கினார்கள். பிறகு சந்திக்கிற இடமே மாறியது. டச் பே போய் நிலாவெளி வந்தது, கன்னியா வந்தது. நிலாவெளி பதினைந்து கிலோமீட்டர் அளவில் வரும். சைக்கிள்காரன் யாருடையதாவது பின்சீற்றில் ஏறுகிறான். எத்தனை நாளைக்கு அடுத்தவன் பெட்ரோலில் போவது? ஒவ்வொருவனாக லீசிங் எடுத்தான்.

வெயில் அதேதான். தூரம்தான் கூடியது, அதையும் கூட்டியது கூட்டாளிகள்.

யூன் 16

"இது வருமானக் கதை, நட்புக் கதை இல்லை" என்கிறீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் தம்பியே சாட்சி. கடைசியாக மாறியவன் அவன்தான், சம்பளம் கட்டுப்படியாகாமலே மாறினான். தவணை கட்டமுடியாமல் அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அவன் போன இடமெல்லாம் சைக்கிளில் போகக்கூடிய தூரம்.

யூன் 21

கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றத்தைக் கியரில் ஏறிவிட்டேன் என்று படம் போட்ட தம்பிக்கு: மெத்தச் சந்தோசம். மான்களுக்கு வழி விட்டீரா? அந்த ஏற்றத்தில் எங்கள் காலத்தில் பெட்டைகள் எல்லாரும் இறங்கி உருட்டுவோம். கதை முழுக்க அந்த உருட்டலில்தான் நடக்கும்.

யூன் 30

பெண்களுக்குக் கதை வேறு. இதை ஒருத்தரும் எழுதவில்லை என்பதால் நானே எழுதுகிறேன், நீளமாக வரும்.

நான் படித்தது தொண்ணூறுகளில். சென்றிப் பொயின்ற் (படையினரின் சோதனைச் சாவடி) வந்தால் எல்லாரும் இறங்க வேண்டும். உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையைக் காட்டி, கூடைக்குள் இருக்கும் கொப்பிகளைக் கிளறிக் காட்டி, அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏற வேண்டும். அம்மாமாருக்கு ஒரே சட்டம்: தனியப் போகக் கூடாது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் அடுத்த ஒழுங்கையில் போய் வேறு துணை தேட வேண்டும். அந்தக் கூட்டத்தை இப்போது நினைத்தால் இனிக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்களைச் சேர்த்து ஓடவைத்ததில் சிநேகத்துக்கு எவ்வளவு பங்கோ பயத்துக்கும் அவ்வளவு பங்கு.

2009இல் யுத்தம் முடிந்தது. சென்றிகள் குறைந்தன. துணையோடு போக வேண்டிய தேவையும் குறைந்தது. இனிப் பெட்டைகள் தாராளமாகச் சைக்கிளில் திரிவார்கள் என்றுதான் நினைத்தேன். நடந்தது வேறு. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது, தகப்பன்மார் ஏற்றி இறக்கத் தொடங்கினார்கள். துணை இருந்தபோது சைக்கிள் இருந்தது, துணை போனதும் சைக்கிளும் போய்விட்டது.

எனக்கு அது கலியாணத்தோடு நின்றது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். கலியாணம் கட்டிய பெண் சைக்கிளில் வேலைக்குப் போனால் புருசனுக்குத்தான் குறை என்ற மாதிரி ஒரு பார்வை. இவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன், வந்தேன். இவருக்கு வேலை பிந்தினால் நானும் பிந்தினேன். பிள்ளை பிறந்த பிறகு ஸ்கூட்டி எடுத்தேன். ஸ்கூட்டியைக் குறை சொல்கிறவர்களோடு எனக்குச் சரிவராது. முன்னால் ஒரு பிள்ளையை நிறுத்தி, பின்னால் ஒன்றை இருத்தி, பள்ளிக்கூடம், மார்க்கெட், வேலை என்று யாரையும் கேட்காமல் போய்வந்தது அதில்தான். அந்த வேலையைச் சைக்கிள் எனக்குச் செய்திருக்காது.

யூலை 2

அப்பாவின் காலத்தில் அதையும் சைக்கிளே செய்தது என்று நினைவூட்டிய அண்ணாவுக்கு: ஓம். பாரில் பூட்டிய குட்டிச் சீற்றில் அண்ணன், கரியரில் அம்மா, அம்மாவின் மடியில் நான். அப்படித்தான் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போனோம். இன்றைக்கு அப்படிப் போனால் சனம் இரக்கப்படும். சிரித்தால்கூடத் தாங்கலாம், இரக்கப்பட்டால் தாங்க ஏலாது.

யூலை 14

நெதர்லாந்தில் இருந்து மச்சாள் வந்திருக்கிறாள். அந்த நாட்டில் நடக்கும் பயணங்களில் கால்பங்குக்கு மேல் சைக்கிளில்தான். பிள்ளைகளை முன்னால் மரப்பெட்டி பூட்டிய சைக்கிளில் வைத்து ஏற்றி இறக்கிய பழக்கம் அவளுக்கு. வந்த மறுநாளே அப்பாவின் பழைய லுமாலாச் சைக்கிளைத் துடைத்து, காற்று அடித்து, உப்புவெளிக்கு வெளிக்கிட்டுவிட்டாள். மத்தியானம் பன்னிரண்டு மணி. நானும் கூடப் போனேன்.

வழியில் கண்டவர்கள் அவளைப் பார்த்துச் சொன்னது: "வெளிநாட்டில இருந்தாலும் எவ்வளவு சிம்பிள் பாருங்கோ." அதே ஆட்கள் என்னைப் பார்த்துக் கேட்டது: "ஏன் பிள்ளை, ஸ்கூட்டி பழுதோ?"

இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வீதி.

யூலை 15

பழுதில்லை. வீட்டில் நிற்கிறது. போதுமா?

ஓகஸ்ட் 4

2022 எரிபொருள் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைப் பேச முடியாது. அந்த யூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய். விலையை விடுங்கள், சாமானே இல்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இருக்கிற ஊர் இது. அந்த ஊரில் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு இரவிரவாகக் காவல் இருந்தோம். பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்.

அந்த மாதங்களில் கொட்டில், மாமரத்தடி, கோழிக்கூட்டுக்குப் பின்பக்கம் என்று கிடந்த சைக்கிளெல்லாம் வெளியே வந்தது. ரியூப் கிடையாது, ரயர் கிடையாது, இருந்தால் விலை மூன்று மடங்கு. பஞ்சர் ஒட்டுகிற ஐயாவின் கடை வாசலில் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், வங்கிக்காரர் எல்லாரும் குந்தியிருந்தார்கள். எங்கள் பிரிவுப் பெரியவர் மடித்த காற்சட்டைக் காலில் உடுப்புக் கிளிப் குத்திக்கொண்டு வந்து இறங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் ஓடும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

நான் திரும்ப ஏறியது அப்போதுதான். அலுவலகத்தில் என்னோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள், ஒருவர் லிங்கநகர், ஒருவர் பாலையூற்று. அநுராதபுரச் சந்தியில் சந்தித்து ஒன்றாகப் போவோம்.

2023 செப்டெம்பரில் கியூஆரையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முதலே, பங்கு கூடக் கூட, சைக்கிளெல்லாம் மாமரத்தடிக்குத் திரும்பிவிட்டது. வெயில் பழகியிருந்தது, காலும் பழகியிருந்தது, சைக்கிளும் திருத்தியாயிற்று. என்றாலும் விட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் விட்டதால் இவர் விட்டார், இவர் விட்டதால் அவர். நாங்கள் மூன்று பேர் விடவில்லை. எங்களுக்கு மன உறுதி அதிகம் என்று யாரும் எழுத வேண்டாம். வீட்டில் மாமியாரோடு முடிக்க வேண்டிய கதையையெல்லாம் சந்தியிலிருந்து அலுவலகம் வரைக்குமான அந்தத் தூரத்தில்தான் முடிக்கிறோம்.

ஓகஸ்ட் 18

தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் புதுக்கோட்டையை ஞாபகப்படுத்தினார். நல்ல உதாரணம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. கல்லுடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் பழகினார்கள். தனியாக ஒருத்தி ஏறியிருந்தால் ஊர் வாயில் அரைபட்டிருப்பாள். கூட்டமாக ஏறினார்கள், அதனால் ஊருக்குப் பழகிப்போனது. சைக்கிள் கொடுப்பது சின்ன வேலை. கூட ஏற ஒருத்தியைக் கொடுப்பதுதான் பெரிய வேலை.

செப்டெம்பர் 1

ஐம்பது தாண்டிய ஆண்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குத் திரும்ப ஒரு கூட்டம் கிடைக்கிறது, சீனி வருத்தம் அதைச் சேர்த்துவிடுகிறது. கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்லி உலக சுகாதார அமைப்பு சொல்கிறது, டொக்டரும் அதைத்தான் சொல்கிறார். முழங்கால் நோவோடு நடக்க ஏலாதவர்கள் சைக்கிளுக்கு வருகிறார்கள். விடிய உட்துறைமுக வீதியால் ஐந்தாறு பேராகப் போவார்கள். சேர்ட்டும் சாரமுமாக ஒருவர், புதுச் சப்பாத்தோடு ஒருவர். பிளேன்டீக் கடையில் இறங்கி ஆளுக்கு இரண்டு உளுந்து வடை. சீனி போடாத தேத்தண்ணீராம். வடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பகிடி பகிடியாக இருக்கட்டும், இவர்களை யாரும் "மோட்டார் சைக்கிள் பழுதோ" என்று கேட்பதில்லை. வருத்தம் வந்துவிட்டது என்றால் ஊர் சைக்கிளுக்கு அனுமதி கொடுத்துவிடும். சும்மா விருப்பத்துக்கு ஓடுகிற 29 வயதுக்காரனுக்குத்தான் அனுமதி இல்லை. தம்பி, ஒரு வருத்தத்தைச் சொல்லிப் பாரும்.

செப்டெம்பர் 22

அப்பாவைப் பற்றி எழுத யோசித்து யோசித்து விட்டேன். இன்றைக்கு எழுதுகிறேன். எழுபது தாண்டியும் ஓடினார். மார்க்கெட், வாசிகசாலை, பின்னேரம் ஒரு கூட்டாளி வீட்டுத் திண்ணை. கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள், ஒருவர் மகனோடு கனடாவுக்கு, மற்றவர்கள் திரும்பி வராத இடத்துக்கு. நாங்கள் கண்ணில் வெண்படலம், ரோட்டில் வாகனம் என்று எவ்வளவு சொல்லியும் நிறுத்தாத மனிசன், கடைசிக் கூட்டாளியின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு தானாக நிறுத்தினார். கேட்டால் "எங்க போறது?" என்றார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, கண்ணும் ஒப்பரேசன் செய்து நல்லாயிருந்தது. வயது போனதால் நிறுத்துகிறார்கள் என்று எழுதியவருக்கு இதுதான் என் பதில்.

ஒக்டோபர் 6

பிரிஸ்டலில் இருந்து கிரோன் சட்டர்ஜியும் கூட இருந்தவர்களும் 2013இல் ஓர் ஆய்வு எழுதியிருக்கிறார்கள். வேலை மாறுவது, வீடு மாறுவது, பிள்ளை பிறப்பது, உடம்புக்கு வருவது மாதிரியான நேரங்களில்தான் ஆட்கள் சைக்கிளைத் தொடங்குகிறார்கள் அல்லது விடுகிறார்கள் என்பது சாரம். இடைப்பட்ட காலத்தில் பழக்கம் அப்படியே கிடக்கும். எங்கள் ஊருக்கும் பொருந்துகிறது. ஒரே ஒரு விசயம்: இங்கே வீடு மாறினாலும் வேலை மாறினாலும் தனி ஆள் முடிவெடுப்பதில்லை. ஒழுங்கை முடிவெடுக்கும், மாமி முடிவெடுப்பா, சீதனப் பேச்சில் மாப்பிள்ளைக்கு என்ன வாகனம் என்று கேட்கிற தரகர் முடிவெடுப்பார்.

வெயிலைப் பற்றியும் கொஞ்சம் தளர்த்துகிறேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், நிலத்துச் சூடெல்லாம் முகத்தில் அறைகிற நேரத்தில், இரண்டு வயதுப் பிள்ளையைப் பாரில் இருத்திக்கொண்டு போவென்று எந்தத் தாயிடமும் சொல்ல மாட்டேன். வெயில் தனி ஆளை நிறுத்தாது. பிள்ளைக்காரியை நிறுத்தும்.

நவம்பர் 17

வாடை மழை தொடங்கிவிட்டது. மட்கார்ட் இல்லாத கியர் சைக்கிளில் வேலைக்குப் போய் முதுகெல்லாம் சேற்றுக் கோடு விழுந்த தம்பிக்கு என் அனுதாபம். பஞ்சர்கார ஐயாவிடம் பிளாஸ்ரிக் மட்கார்ட் இருக்கிறது, பூட்டித் தருவார், கியரைப் பார்த்துச் சிரிப்பார், பொறுத்துக்கொள்ளும். மற்றது, லிங்கநகர்க்காரி பிரசவ லீவில் போய்விட்டா. சந்தியில் இப்போது இரண்டு பேர்தான். ஏழே கால். உமக்கு வழி அதுதான் என்றால் வந்து சேரும். இரண்டு அன்ரிமாரோடு போக வெட்கம் என்றால் உம்முடைய இஷ்டம்.

நவம்பர் 24

வந்தார். நல்லாக் கதைக்கிறார். மாமியார் கதை வந்தால் மட்டும் கொஞ்சம் முன்னுக்குப் போய்விடுகிறார்.

டிசம்பர் 8

மகள் பத்தாம் ஆண்டு. ரியூசனுக்குச் சைக்கிளில் போகப் போகிறாளாம். தனியாக விட இவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை, அதை ஒளிக்கவில்லை. அவளே ஆள் சேர்த்துவிட்டாள். உவர்மலையில் இருந்து நாலு பெட்டைகள். மூன்று வீட்டில் ஓம் சொல்லியாயிற்று, எங்களையும் சேர்த்து. நிபந்தனைகள்: லைற் இருக்க வேண்டும், இருட்டு வகுப்பென்றால் ஒரு தகப்பன் பின்னால் வர வேண்டும், வீதியில் மூன்று பேர் சமாந்தரமாக ஓடக் கூடாது. கடைசி நிபந்தனையை எங்கள் தலைமுறையில் ஒருவரும் காப்பாற்றியதில்லை என்பதை நான் சொல்லவில்லை.

நாலாவது பிள்ளையின் தகப்பன் மாட்டேன் என்கிறார். "நாங்கள் ஏற்றி இறக்க வசதி இல்லாத ஆக்களோ?" என்று கேட்டாராம். அந்தப் பிள்ளை வராவிட்டால் மற்ற ஒருத்தியின் தாயும் பின்வாங்குவா, தெரியும். இவர் ஞாயிற்றுக்கிழமை போய்க் கதைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் போக வேண்டாம், நடந்து போங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.